நேரத்தையும் சீட்டுப் போடலாம்: மும்பைத் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி எனத் தமிழர் சேர்ந்து வாழும் இடங்களில் மன்றம் நடத்தும் உங்களுக்கு இதை எழுதுகிறோம். பணியிடப் பயிற்சி, செவிலியர் கல்வி, சிறுதொழில் ஆலோசனை என்று வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள் நாங்கள். கேட்பது இவ்வளவுதான்: வரும் அக்டோபர் முதல் மே வரை, மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஓர் அறை, எட்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். எட்டு உறுப்பினர் கூடி, மாதம் ஒருவருடைய வேலைச் சிக்கலை அவரே அவிழ்க்கக் கேள்விகளால் உதவும் "நேரச் சீட்டு" ஒன்றுக்காகத்தான் இது. அந்த அறையில் என்ன நடக்க வேண்டும், எது அதைக் கெடுக்கும் என்று விவரமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் மடல் கொஞ்சம் நீளும். பொறுத்தருள்க.

உறுப்பினர் முன்னேற்றத்துக்கு மன்றங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாவது நடக்கிறது. ஊரிலிருந்து பேச்சாளர் வருகிறார். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பேச்சு நன்றாகத்தான் இருக்கும், கைதட்டலும் வாங்கும். திங்கட்கிழமை காலை லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நிற்பவரிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்வார். குறை பேச்சாளருடையதல்ல. ஒருவரைப் பார்த்து நமக்கும் ஓர் உந்துதல் பிறப்பதற்கு என்ன வேண்டுமோ, அது அந்த ஏற்பாட்டில் இல்லை.

இதைக் குறித்து பெனலோப்பி லாக்வுட், ஸீவா குண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு, அதே படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கும் சாதனை மாணவர் ஒருவரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ஊக்கம் பிறந்தது. நமக்கும் இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறதே என்ற எண்ணம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அது பிறக்கவில்லை. அவர்களுக்கு நேரம் கடந்துவிட்டது. தன் துறை, தன்னால் எட்டக்கூடிய தூரம், எட்டுவதற்கு இன்னும் அவகாசம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அடுத்தவர் வெற்றி நமக்கு உரமாகிறது. ஐரோலியில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கும் 26 வயதுப் பெண்ணுக்கு, ஆயிரம் கோடி நிறுவனம் நடத்துபவரின் வாழ்க்கை வரலாறு பொழுதுபோக்கு. அதே வேலையில் தொடங்கி ஐந்தாறு ஆண்டில் அணித் தலைவரான இன்னொரு தமிழ்ப் பெண் பத்து நிமிடம் பேசினால் அது வழி.

எனவே மேடைப் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கும் கவனத்தில் கொஞ்சத்தை, "ஐந்து வருஷம் முன்னால் போனவர்" பக்கம் திருப்புங்கள். அப்படி ஒருவரை அழைத்தால் தலைப்புக் கொடுக்காதீர்கள். தலைப்புக் கொடுத்தால் அவரும் சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுவார். மூன்று கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். இப்போதைய வேலைக்கு வருமுன் எத்தனை முறை, எங்கெங்கே மறுக்கப்பட்டீர்கள்? எந்த ஒரு திறமையைக் கற்றதும் நிலைமை மாறியது, அதற்கு எத்தனை மாதம், எவ்வளவு பணம் ஆனது? திரும்பச் செய்வதென்றால் எதை விட்டுவிடுவீர்கள்? பதில்களில் எண்ணிக்கையும் மாதக் கணக்கும் இருந்தால்தான் கேட்பவருக்குக் கையில் பிடிக்க ஏதாவது இருக்கும்.

இனி, ஏன் இதைத் தமிழ் மன்றத்திடம் கேட்கிறோம் என்பது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: வேலையைப் பற்றிச் சொன்னவரை அந்த நாட்களில் எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள்? 1973இல் வெளியான கட்டுரையின்படி, அடிக்கடி பார்த்தவர் என்றோர் 16.7 சதவீதம், எப்போதாவது பார்த்தவர் என்றோர் 55.6, அரிதாகப் பார்த்தவர் என்றோர் 27.8. கேட்கப்பட்டவர்கள் சில டஜன் பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோரை ஐந்தாண்டுக் காலத்துக்கு வைத்துச் செய்த பெரிய சோதனையும் அதே பக்கம்தான் சாய்ந்தது. அதில் ஒரு நுணுக்கம் சேர்ந்தது: மிக மேலோட்டமாகத் தெரிந்தவரோ மிக நெருங்கியவரோ அல்ல, ஓரளவு பழக்கமுள்ளவர்கள்தாம் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். வேறு வட்டத்தில் புழங்குபவருக்குத்தான் நமக்கு எட்டாத செய்தி எட்டும்.

அந்த "ஓரளவு பழக்கம்" தமிழ் மன்றத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சயான் மருத்துவமனை வட்டாரத்துச் செவிலியர், தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர், முலுண்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை, டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக்கு வந்துபோகும் கணக்கர். இத்தனை தொழிலும் ஒரே கூரையின்கீழ் வரும் இடம் இந்த நகரத்தில் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த தலைமுறை மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டபடியே எந்த அலுவலகத்தில் ஆள் தேவை என்று தெரிந்துகொண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் தொழிலுக்கு வந்தவர்களும் இப்படி வாய்மொழியாகத்தான் வந்தார்கள். மெஸ் செய்த வேலையை இன்று யாரும் செய்வதில்லை. பொங்கல் விழாவில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பக்கத்து இலைக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாமலே எழுந்து வருகிறோம்.

இதற்கு நாங்கள் முன்வைக்கும் வடிவம் உங்களுக்குப் பழக்கமானது: சீட்டு. எட்டுப் பேர் மாதாமாதம் போடுகிறார்கள், மாதம் ஒருவர் எடுக்கிறார், எட்டு மாதத்தில் சுற்று முடிகிறது. பணத்துக்குப் பதில் நேரம். ஆளுக்கு இரண்டு மணி நேரம் போட்டால், அந்த மாதம் எடுப்பவருக்கு ஏழு பேரின் கலையாத கவனம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பத்தாண்டு ஒரே அலுவலகத்தில் இருந்தாலும் அப்படி ஒரு மணி நேரத்தை யாரும் தருவதில்லை. பெயர்தான் நாங்கள் வைத்தது, சரக்கு பழையது. ரெக் ரெவான்ஸ் என்ற பயிற்சியாளர் 1940களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, நிபுணர் யாரும் இல்லாமல் அவரவர் சிக்கலை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டே அவிழ்க்கச் சொன்னார். 1950களில் மைக்கேல் பாலின்ட் லண்டனில் குடும்ப மருத்துவர்களுக்கு இதுபோல ஒன்றைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் நடைமுறையில் உள்ளன.

சீட்டில் எது கெடும் என்று பிடித்தவர்களுக்குத் தெரியும்: எடுத்தவர் நழுவுவது. நேரச் சீட்டிலும் அதேதான். முதல் இரண்டு மாதத்தில் எடுத்தவர் நான்காம் மாதம் "கொஞ்சம் வேலை இருக்கு" என்பார். அதனால் எடுக்காத மாதத்திலும் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் சொந்தமாக இருக்க வேண்டும்; போன மாதம் சொன்னதைச் செய்தேனா என்று சொல்வதற்கு. யாருக்கு எந்த மாதம் என்பதை முதல் நாளே குலுக்கிப் போட்டுவிடுங்கள். ஒரே விதிவிலக்கு முதல் மாதம். முதலில் பேசுபவர் எவ்வளவு திறந்து பேசுகிறாரோ, மற்ற ஏழு பேரும் அந்த அளவுக்குத்தான் திறப்பார்கள். ஆகவே கொஞ்சம் வயதும் அனுபவமும் உள்ள, தன் தவறைக் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒருவரை முதலில் வையுங்கள். ஒருவருக்கு அடுத்த வாரமே நேர்முகத் தேர்வு இருக்கலாம். ஏலச்சீட்டு போலத் தன் முறையை முன்னால் இழுத்துக்கொள்ளட்டும். அதற்குக் கழிவாக அடுத்த இரண்டு மாதம் கடிகாரம் பார்க்கும் வேலை அவருடையது.

எட்டு ஏன்? ஐந்துக்குக் கீழே போனால், இருவர் வராத மாதத்தில் அரட்டையாகிவிடும். பத்தைத் தாண்டினால் இருவர் வாயே திறக்காமல் போய்விடுவார்கள். எட்டில் தொடங்கினால் இடமாற்றம், இரவுப் பணி என்று ஒருவர் இருவர் குறைந்தாலும் ஆறு பேர் மிஞ்சுவார்கள்.

இரண்டு மணி நேரத்தை எப்படி வெட்டுவது? முதல் ஐந்து நிமிடம் விதிகளை உரக்கப் படிப்பது. உரக்க என்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அச்சடித்துக் கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். அடுத்த 30 நிமிடம் எட்டுப் பேரின் மூன்று நிமிடச் சுற்று. பிறகு 55 நிமிடம் அன்றைய முறைக்காரருக்கு, அதாவது அந்த மாதம் சீட்டு எடுப்பவருக்கு: 10 நிமிடம் அவர் சொல்கிறார், குறுக்கே யாரும் பேசக் கூடாது, 5 நிமிடம் விவரம் கேட்கும் கேள்விகள், 25 நிமிடம் யோசிக்கவைக்கும் கேள்விகள், 5 நிமிடம் அத்தனை பேரும் வாய் மூடி எழுதுவது, 10 நிமிடம் என்ன செய்யப் போகிறேன் என்று அவர் சொல்வது. அதன்பின் 15 நிமிடம், கேட்டதிலிருந்து தன் வேலைக்கு எதை எடுத்துப் போகிறேன் என்று மற்றவர்கள். கடைசிப் பத்து நிமிடம், அடுத்த கூட்டத்துக்குள் செய்யப் போகும் ஒரே ஒரு காரியத்தைத் தேதியோடு எழுதுவது. மிச்சம் ஐந்து நிமிடம் தாமதத்துக்கு. டீ கடைசியில்தான்; முதலில் கொடுத்தால் தாமதமாக வருவதற்கு அதுவே அனுமதிச் சீட்டு. தவிர, தொலைபேசி எண் கேட்பது, "எங்க ஆபீஸில் ஒரு இடம் காலியாகுது" என்பதெல்லாம் கூட்டம் முடிந்த டீயில்தான் நடக்கும். அதற்கு அரை மணி அறையைப் பூட்டாமல் விட்டுவைக்க வேண்டும்.

ஐந்து நிமிட மௌனத்தை வெட்டச் சொல்லி முதல் கூட்டத்திலேயே கோரிக்கை வரும். வெட்டாதீர்கள். கேள்விகள் வந்துகொண்டிருக்கும்போது முறைக்காரர் பதில் சொல்வதில் மும்முரமாக இருப்பார். யோசனை அந்த ஐந்து நிமிடத்தில்தான் நடக்கிறது.

எதை எடுத்து வருவது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. "வாழ்க்கையில் முன்னேறணும்" என்பதில் பிடிக்க விளிம்பே கிடையாது. "என் மச்சான் வேலைக்குப் போக மாட்டேங்கிறான்" என்றால் சிக்கலுக்குரியவர் அறையில் இல்லை. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஆமோதிக்க ஆள் தேடி வருவது இன்னொரு வகை. நல்ல விஷயத்துக்கு மூன்று அடையாளங்கள்: அது என்னுடையது, இன்னும் முடிவாகவில்லை, 30 நாளில் நான் அதில் ஏதாவது செய்ய முடியும். வார்டு பொறுப்பாளர் பதவி வருகிறது, ஏற்பதா? பட்டறையில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்ததிலிருந்து வரவு செலவு கையில் நிற்கவில்லை, எங்கே ஒழுகுகிறது? மராத்தி தப்பாகிவிடுமோ என்று பயந்து கிளைக் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை, எப்படித் தொடங்குவது? இவை போதும்.

இனிச் சிரமமான பகுதிக்கு வருகிறோம். நம்மவர்களால் அறிவுரை சொல்லாமல் இருக்க முடியாது. அன்பின் வெளிப்பாடே அதுதான் என்று வளர்ந்திருக்கிறோம். ஆனால் முதல் நாற்பது நிமிடத்தில் வரும் அறிவுரை பெரும்பாலும் சொல்பவரின் பழைய சிக்கலுக்கானது. கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுச் சிந்திப்பதை நிறுத்திவிடுவார். கேள்வி மட்டும் என்று விதி போட்டால் அறிவுரை கேள்வி வேஷம் கட்டி வரும். "நீங்க ஏன் மேனேஜர்கிட்ட நேரா பேசிடக் கூடாது?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. கேள்வி என்றால் கேட்பவருக்கே விடை தெரிந்திருக்கக் கூடாது. "அவர் என்ன வார்த்தை சொன்னார், அப்படியே சொல்லுங்க." "இதுவரை என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?" "இது சரியாயிட்டா முதல்ல யாருக்குத் தெரியும்?" "எதை இழந்துடுவோம்னு தயங்குறீங்க?" தமிழில் "ஏன்" என்று ஆரம்பித்தாலே தலைமையாசிரியர் அறை ஞாபகம் வந்துவிடும், "எப்படி", "எப்போது", "என்ன" என்று கேட்கப் பழக்க வேண்டும்.

வயது, பதவி வரிசை இன்னொரு சங்கடம். அறையில் 65 வயது ஐயாவும் 24 வயதுப் பையனும் இருந்தால், பையன் "நீங்க சொல்றது சரிதான் சார்" என்பதற்குமேல் போகமாட்டான். அண்ணே, அக்கா, ஐயா என்று அழைப்பதை மாற்றத் தேவையில்லை, மாற்றினாலும் ஒட்டாது. கேள்விச் சுற்றை வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். நிறையப் பேசும் மூத்தவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் நேரத்தைக் காப்பவர் தன் நேரத்தையும் காப்பார். தவிர, கௌரவமான பொறுப்பும்கூட.

கூட்டத்தை நடத்துபவர் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. நடத்துநர் என்ற நம் சொல்லிலேயே வேலைப் பட்டியல் இருக்கிறது: விசில் ஊதுவார், டிக்கெட் கொடுப்பார், வண்டியை ஓட்டமாட்டார். அறிவுரை தலைகாட்டும்போது "இதைக் கேள்வியாக் கேளுங்களேன்" என்று சொல்லும் தைரியம் போதும். மன்ற நிர்வாகிகள் இந்த வேலையை ஏற்க வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. செயலாளர் முன்னால் யாரும் தன் தோல்வியைப் பேசமாட்டார்கள். அடுத்த தேர்தலில் அணி பிரியும்போது அது எங்கே போய் முடியும் என்றும் உங்களுக்குத் தெரியும்.

மாதம் ஒருநாள் கூடிப் பேசினால் மட்டும் விஷயம் கிடைக்காது. இடைப்பட்ட நாட்களில் ஒரு நோட்டு வேண்டும். நாட்குறிப்பு இல்லை, நான்கே வரி. எது நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? எது நடந்தது? இடைவெளி எந்த இடத்தில் விழுந்தது? அடுத்த முறை எதை மாற்றுவேன்? அமெரிக்க ராணுவம் 1970களில் பயிற்சிப் போர் முடிந்ததும் கேட்கத் தொடங்கிய கேள்விகள் இவை. செவிலியர் கல்வியிலும் இதுபோன்ற படிநிலைகள் பழக்கத்தில் உள்ளன. ஒரு செவிலியரின் நோட்டில் இப்படி இருக்கலாம்: "ஷிப்ட் ஒப்படைப்பைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று நினைத்தேன். 4ஆம் படுக்கையின் சர்க்கரை அளவைச் சொல்ல விட்டுவிட்டேன். நினைவிலிருந்து சொன்னேன், நடுவில் உறவினர் ஒருவர் கேள்வி கேட்டார், திரும்பும்போது 5க்குத் தாவிவிட்டேன். இனி யாராவது குறுக்கிட்டால், விட்ட படுக்கை எண்ணைச் சார்ட்டில் விரலால் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்குவேன்." நோயாளி பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனை, வங்கி, நிறுவன ரகசியம் எதுவும் நோட்டிலோ அறையிலோ வரக் கூடாது. படுக்கை எண்ணே போதும்.

கடைசி வரி "இனிக் கவனமாக இருப்பேன்" என்று முடிந்தால் எழுதியதே வீண். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் காட்டியது இது: "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று சூழலையும் செயலையும் முடிச்சுப் போட்டு எழுதியவர்கள், வெறும் தீர்மானம் எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். அந்தக் கணம் வந்ததும் யோசிக்காமலே கை அங்கே போய்விடுகிறது.

நோட்டு கெடும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். "இன்னிக்கும் மறந்துட்டேன். நான் ஏன்தான் இப்படி இருக்கேனோ" என்று எழுதினால் அது சிந்தனையல்ல, புண்ணைக் கிளறுவது. மனச்சோர்வை ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். தன்னைப் பற்றிய பொதுவான "ஏன்" ஆளைக் கீழே இழுக்கும். எந்தக் கணத்தில், எப்படி என்ற குறிப்பான கேள்வி வழிகாட்டும். பக்கத்தைப் புரட்டி, நேரமும் இடமும் செயலும் இருக்கின்றனவா, அல்லது "எப்பவும்", "எல்லாரும்", "நான்தான்" என்ற சொற்களே நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

தினமும் எழுது என்று சொல்லிவிட்டால் மூன்றாம் வாரம் நின்றுவிடும். வாரம் மூன்று நாள், ஏழு நிமிடம். ரயிலில் எழுதலாம் என்ற நினைப்பே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் கையைக் கீழே இறக்கவே இடம் இருக்காது. வேலையை விட்டுக் கிளம்புமுன் எழுதுவதுதான் ஒத்துவரும். பட்டறையில் இருப்பவர்கள் தங்களுக்கே ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பிக்கொள்ளலாம். தமிழோ, ஆங்கில எழுத்தில் தமிழோ, இந்தியோ, எப்படி எழுதினாலும் சரி. கூட்டத்துக்கு முந்தைய இரவு அந்த மாதப் பன்னிரண்டு குறிப்புகளையும் ஒருசேரப் படித்து, திரும்பத் திரும்ப வருவதைக் கோடிட வேண்டும். சீட்டு எடுக்கும் மாதத்தில் எதைக் கொண்டுவருவது என்ற குழப்பம் அதோடு தீரும்.

குழுவைக் கெடுக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வியாபாரம்: இன்ஷூரன்ஸ் பாலிசி, நிலம், "ஒரு நல்ல பிசினஸ் ஆப்பர்ச்சூனிட்டி". ஒருமுறை அனுமதித்தால் மறுமாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் விதியே இதுவாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் தேதி, இடம் இரண்டு மட்டும். ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள், கணவன் மனைவி, ஒருவரிடம் ஒருவர் கடன் பட்டவர்கள் ஒரே குழுவில் வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் சொல்லலாமா என்று கேட்டால் முழிப்பார்கள். வீட்டிலும் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாட்டுங்காவில் சொன்னது செம்பூருக்கு எத்தனை நிமிடத்தில் போகும் என்று நாம் அறியாததா?

அறிமுகத்தில் ஊரைக் கேட்காதீர்கள். "எந்த ஊர்?" என்று இனிமையாகத் தொடங்கும் கேள்வி, அடுத்து எந்தத் தெரு என்று போய் எங்கே நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். தாராவிக்காரரும் மாட்டுங்காக்காரரும் ஒரே அறையில் மனம்விட்டுப் பேசாமல் போனதற்கு அந்தக் கேள்விக்கும் பங்குண்டு. பெயர், செய்யும் வேலை, அந்த வேலையில் இப்போது கற்றுக்கொண்டிருப்பது என்ற மூன்றோடு அறிமுகம் முடியட்டும்.

குழுவின் கைக்கு அடங்காதவையும் வரும். வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்று ஒருவர் சொன்னால் கேள்விச் சுற்று வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரும் அதற்குமேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவான பட்டறை, கடை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துவடிவில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். "அடுத்த மாதம் பேசலாம்" என்று தள்ளினால் கெடு ஓடிவிடும். ஒருவர் வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் பேசினால், அன்றே அவரோடு உட்கார்ந்து அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ அழையுங்கள்; 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. நடத்துநரின் அட்டையில் இந்த எண் அச்சாகியிருக்க வேண்டும்.

நாள் குறிப்பதில் மும்பைக்கென்றே சில கணக்குகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை எந்த ஞாயிறைத் தின்னும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் அக்டோபர். ஞாயிறு பகலில், தடப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் இருக்கும், மத்திய, ஹார்பர் தடங்களில் பெரும்பாலும் முற்பகல் 11 மணியிலிருந்து மாலை 4 வரை. ஊர் முழுக்க உள்ளவர்களை ஓரிடத்துக்கு இழுத்தால் வருவதற்கே நாள் போய்விடும். ஒரே ரயில் தடத்தில் இருப்பவர்களைக் குழுவாக்குங்கள். தொழில் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். காலை 8 முதல் 10 என்றால், அரை மணி டீயும் முடித்துப் பிளாக் தொடங்குமுன் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, செலவே இல்லாதது. குழந்தைகளுக்கு ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்தும் மன்றங்களில், கொண்டுவந்து விட்ட பெற்றோர் வகுப்பு முடியும்வரை வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார். வேறெந்த நேரம் வைத்தாலும் சமையல், மாமியார், மார்க்கெட் என்று வர முடியாதவர்கள். வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான் என்றால் மூன்று நிமிடச் சுற்றை இரண்டாக்கி, முறைக்காரருக்கு 45 நிமிடம் கொடுத்து, மற்றவர்கள் சொல்லும் 15 நிமிடத்தைப் பத்தாக்கி, தாமதத்துக்கான ஐந்தை விட்டுவிட்டால் அடங்கிவிடும். குழந்தைகள் பக்கத்து அறையில் இருப்பதால் யாரும் பாதியில் ஓட வேண்டியதில்லை. முதல் குழுவை இங்கே தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறோம்.

மே மாதம் பலனைப் பார்க்கும்போது கருத்துப் படிவம் கொடுக்காதீர்கள். "மிக அருமை, தொடரட்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று எண்களைக் குறித்துவைத்தால் போதும். எட்டில் ஆறு கூட்டத்துக்காவது வந்தவர் எத்தனை? தேதி போட்டு எழுதிய காரியங்களில் முடிந்தவை எத்தனை? தன் தொழில் சாராத ஓர் உறுப்பினரைக் கூட்டத்துக்கு வெளியே ஒருமுறையாவது சந்தித்தவர் எத்தனை? மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால் டீ நேரத்தைச் சுருக்கிவிட்டீர்கள் என்று பொருள். சுற்று முடிந்ததும் குழுவைக் கலைத்துவிட வேண்டும். நன்றாகப் போன குழு கலையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் ஒன்றாகவே இருந்தால் இரண்டாம் ஆண்டில் அவர்களும் எல்லாம் தெரிந்த நெருங்கிய நண்பர்களாகிவிடுவார்கள், புதுச் செய்தி எதுவும் உள்ளே வராது. அக்டோபரில் புதிதாகக் குலுக்குங்கள்.

செப்டம்பர் செயற்குழுவில் வைப்பதற்குத் தீர்மான வாசகத்தையும் எழுதியிருக்கிறோம். திருத்திக்கொள்ளலாம்: "அக்டோபர் முதல் மே வரை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை 8 மணி முதல் 11 மணி வரை மன்றத்தின் சிறிய அறை நேரச் சீட்டுக் குழுவுக்கு ஒதுக்கப்படுகிறது. விழா நாட்களிலும் இந்த ஒதுக்கீடு ரத்து செய்யப்பட மாட்டாது. சாவி நடத்துநரிடம் இருக்கும். எட்டு நோட்டு, ஒரு கடிகாரம், டீச் செலவு ஆகியவை பொதுநிதியிலிருந்து. குழுவில் பேசப்பட்டவை குறித்துச் செயற்குழு அறிக்கை கேட்காது."

வணக்கத்துடன்,
மும்பைத் தமிழ் உறுப்பினர்கள் சிலர்